மாரியில் மொரிஸ் மைனரும் ஹைலக்ஸும்

குளங்கள் வான் பாயும் நாட்களில் வன்னியின் கிறவல் வீதிகளில் எது போகும் என்றால் ரொயோற்றா பிக்கப்பான ஹைலக்ஸ்தான், அதில் பேச்சில்லை. ஆனால் தண்ணீருக்குள் நின்றுபோனால் எஞ்சின் தப்புவது பழைய பிரித்தானியச் சிறு காரான மொரிஸ் மைனருக்குத்தான்.

மொரிஸில் தண்ணீர் முதலில் பிடிப்பது, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரை. விசிறி வாரியடிக்கும் தண்ணீர் அதன் மூடிக்குள் இறங்கியதும் பிளக்கின் தீப்பொறி நின்றுவிடும். காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேற்றர் அதைவிட உயரத்தில் இருப்பதால், சிலிண்டருக்குள் தண்ணீர் போகுமுன்பே கார் நின்றுவிடுகிறது. மேட்டுக்குத் தள்ளி, மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பிளக் வயர்களையும் துடையுங்கள். கையோடு மூடிக்குள் இருக்கும் பொயின்ற் என்ற தொடுமுனைகளின் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025 அங்குலம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். தண்ணீருக்குள் இறங்குமுன் விசிறியைச் சுற்றும் பான் பெல்ற்றைத் தளர்த்தினால் பாதித் தொல்லை குறையும். ஏறியதும் இறுக்கிவிடுங்கள், தண்ணீர்ப் பம்பும் அதில்தான் ஓடுகிறது.

ஹைலக்ஸின் டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறியே தேவையில்லை. காற்றிழுக்கும் வாய்க்குத் தண்ணீர் எட்டும்வரை ஓடும், எட்டினால் குடிக்கும். தண்ணீர் அமுங்காது, பிஸ்ரனைத் தாங்கும் கொனெக்ரிங் ரொட்தான் வளையும். 2015இல் வந்த மொடலுக்குச் சொல்லப்படும் 700 மில்லிமீற்றர் ஆழம், நிதானமாகப் போனால் மட்டுமே. கரையில் நிறுத்தி, நியூற்றலில் வைத்து எல்4 (நான்கு சில்லும் மெதுவாக, பலமாக இழுக்கும் நிலை) போட்டு, முதல் கியரில் நடை வேகத்தில் இறங்குங்கள். நடுவில் கியர் மாற்ற வேண்டாம். நின்றுவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. கட்டி இழுத்து எயார் பில்ரரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் சிலிண்டரைச் சூடாக்கும் கிளோ பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றாமல் ஸ்ரார்ட் பண்ணக்கூடாது.

எரிபொருளும் இதே கதைதான். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பழைய கார்கள் சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் சிலிண்டர் அமுக்கம் குறைவு, அதனால் தாங்கின. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்புக்குள் வடிந்து ஒயிலை இளக்கியது, அதை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. இன்றைய டீசல் எஞ்சின்களில் டீசலை உயர் அழுத்தத்தில் அனுப்பும் கொமன் ரெயில் பம்புக்கு டீசலே மசகு. மண்ணெண்ணெய் கலந்தால் பம்பு தேயும், அந்தத் துகள் இன்ஜெக்ரர்வரை போகும்.

மாரி முடிந்ததும் ஹைலக்ஸின் அக்சில் ஒயிலைப் பாருங்கள். சூடான அக்சில் தண்ணீரில் குளிரும்போது சீல் வழியே ஈரத்தை உறிஞ்சும். ஒயில் பால் தேத்தண்ணி நிறமானால் உடனே மாற்றுங்கள். மொரிஸுக்கு முன்சில்லைத் தாங்கித் திரும்பவிடும் புரியுள்ள மூட்டான கீழ்த் திரனியன்தான் உயிர்நிலை. பழைய கிறீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை புதிதை அடியுங்கள், பிறகு 1000 மைலுக்கு ஒருமுறை. அதன் புரி தேய்ந்தால் ஓடும்போதே சில்லு மடியும்.