எங்க ஊர் பின்கோடு 627001

நேற்று ராத்திரி ஆச்சிக்குக் கடிதம் எழுதி, உறையில் அனுப்புநர் விலாசம் போட்டுக்கொண்டிருந்த மகள் பின்கோட்டில் நின்றுவிட்டாள். "அப்பா, 627001 பகா எண்ணா?"

627 என்பது 3×11×19. அதனால் 627000-ஐ 2, 3, 5, 11, 19 எல்லாமே மீதியில்லாமல் வகுக்கும். கூட ஒன்று சேர்ந்த நம்ம திருநெல்வேலி எண்ணில் ஐந்துக்குமே மீதி 1. ஒரே வரியில் ஐந்தும் கழிந்துபோகிற அந்த இடம் எவ்வளவு அழகு!

அப்புறம் 7, 13, 17 என்று ஒவ்வொன்றாக. உறையின் பின்பக்கம் முழுக்க வகுத்தல்தான். 67-க்கு மீதி 15. சரி, பகா எண்தான் போல என்று நினைக்கையில் 71 வந்து நின்றது. 71×8831, மீதி பூஜ்யம். "ஏட்டி, பிடிச்சிட்டியே!" என்று கத்திவிட்டேன். 8831 பகா எண், அதற்குமேல் பிரியாது.

இன்றைக்குப் பாளையங்கோட்டையின் 627002. ஆச்சிக்குப் புது உறை வாங்கணும்.