தகட்டுக்குள் இருந்த மரம்

பழைய செடானின் கூரைத் துணியை உரித்த அன்றுதான் இந்த வேலை எப்படிப்பட்டது என்பது எனக்குப் புரிந்தது. 1934ஆம் ஆண்டில் செய்யப்பட்ட நான்கு கதவு வண்டி அது; வெளியிலிருந்து பார்த்தால் முழுக்க முழுக்க எஃகுத் தகடு. ஆனால் கூரையின் நடுப்பகுதியில் தகடு இல்லை. நீர் புகாத பூச்சு கொண்ட துணி, அதன் கீழே பஞ்சு, அதற்கும் கீழே கோழிக்கூண்டுக்கு அடிப்பது போன்ற கம்பிவலை, எல்லாவற்றுக்கும் அடியில் குறுக்கே ஓடும் மரச்சட்டங்கள் என்று அடுக்கடுக்காக இருந்தது. சட்டம் ஒன்றைக் கையால் பிடித்து இழுத்தேன். அது மூக்குப்பொடியைப் போல உதிர்ந்தது.

அதுவரை என் திட்டம் எளிமையானது. துருப்பிடித்துப்போன பின்பாதியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மரத்தால் ஓர் உடலைக் கட்டி, எட்டு சிலிண்டர் கொண்ட புதிய வி8 எஞ்சின் பொருத்தி, மர உடல் கொண்ட ஹாட் ராடாக, அதாவது பழைய காரை வேகத்துக்காக மாற்றியமைத்த வண்டியாக, ஆக்கிவிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். இரும்பு வண்டிக்கு மரத்தைக் கொண்டுவருகிறேன் என்ற பெருமிதமும் கொஞ்சம் இருந்தது. கதவுத் தூண்களின் தகட்டைப் பிரித்தபோது அந்தப் பெருமிதம் போய்விட்டது. தூண், நிலை, கூரை விளிம்பு, கதவின் உட்கூடு எல்லாமே மரம். தகடு அதன்மேல் ஆணி அடித்துப் போர்த்திய சட்டை மட்டுமே.

இது அந்தக் காலத்தில் புதுமையான ஒன்றல்ல. டாட்ஜ் சகோதரர்களின் கார் 1914இலேயே முழு எஃகு உடலுடன் வந்துவிட்டது என்றாலும், ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி போன்ற பெரிய உடற்கூட்டுப் பட்டறைகள் 1930களின் நடுப்பகுதி வரை மரக்கூட்டின்மேல் தகடு போர்த்தும் முறையையே பின்பற்றின. ஒரு காரின் கூரை முழுவதையும் மூடுமளவு அகலமான தகடும், அதை ஒரே அடியில் அழுத்தி உருவாக்கும் அச்சு எந்திரமும் கைகூடிய பிறகு, 1935ஆம் ஆண்டு மாடல்களில்தான் அவர்களுடைய ஒற்றைத் தகட்டுக் கூரை வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் கூரைத் துணியின் விளிம்பு வெடித்தால் மழைநீர் நேராக மரத்துக்குள் இறங்கும். தகட்டுக்குள் அடைபட்ட ஈரத்துக்கு வெளியேற வழியிருக்காது. எனவே எலும்பைப் புதிதாகச் செய்து, சட்டையைப் போர்த்தாமல் அப்படியே விட்டுவிடுவது என்று திட்டத்தை மாற்றிக்கொண்டேன். எஃகுத் தகட்டின்மேல் மரப்பட்டை ஒட்டி அழகு காட்டும் வேலையில் எனக்கு உடன்பாடு இல்லை; மரம் வெளியே தெரிந்தால் அது சுமையையும் தாங்க வேண்டும்.

மரம் தாங்கும் என்பதற்குச் சாட்சிகள் ஏராளம். ஃபோர்டு 1929இல் மாடல் ஏ வண்டியில் மர உடல் கொண்ட ஸ்டேஷன் வேகனை (கூரை பின்முனை வரை நீளும் கார்) வெளியிட்டது; பின்னாளில் மிச்சிகன் மாநிலத்தின் அயர்ன் மவுண்டனில், தன் சொந்தக் காடுகளிலிருந்து வெட்டிய மரத்தைக் கொண்டு தானே அத்தகைய உடல்களைச் செய்தது. அங்கே மிஞ்சிய மரக்கழிவைக் கரித்துண்டுகளாக்கி விற்றார்கள் என்பதைப் படித்தபோது, என் பட்டறை மூலையில் குவிந்திருந்த துண்டுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். இங்கிலாந்தில் 1953 முதல் 1971 வரை விற்பனையான மோரிஸ் மைனர் டிராவலர் வண்டியின் பின்பகுதி ஆஷ் மரச் சட்டகத்தால் ஆனது. அது வெறும் அலங்காரமல்ல என்பதால், அந்நாட்டு ஆண்டுச் சோதனை இவ்வண்டிகளுக்குக் கட்டாயமாக இருந்த காலத்தில், மரம் உளுத்திருந்தால் வண்டி தேறவில்லை.

ஹாட் ராட் மரபைச் சேர்ந்தவர்கள் இந்த இடத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். தெற்குக் கலிஃபோர்னியாவின் முரோக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப்படுகைகளில் பழைய ஃபோர்டுகளை ஓட்டிய இளைஞர்கள், வேகத்துக்காக மட்கார்டு முதல் கண்ணாடி வரை கழற்றி எறிந்து எடையைக் குறைத்தவர்கள். மர வேகனோ தன் காலத்து வரிசையிலேயே கனமானவற்றில் ஒன்று. இந்த முரண்பாட்டை நான் ஒப்புக்கொள்கிறேன். என் வண்டி ஏரிப்படுகையில் எந்தச் சாதனையையும் முறியடிக்கப் போவதில்லை.

ஆனால் இரண்டையும் சேர்ப்பதில் உள்ள உண்மையான சிக்கல் எடையல்ல, முறுக்கம். அக்காலச் செடான்களில் உடல் வேறு, அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் வேறு. உடலைத் தூக்கி வைத்துவிட்டுச் சேசிஸை மட்டும் ஓட்டிப்பார்க்கவும் முடியும். இத்தகைய மாற்றம் சாத்தியமாவதே அதனால்தான். அந்தச் சேசிஸின் நீண்ட சட்டங்கள் ஒரு பக்கம் திறந்த பள்ளம் போன்றவை. வளைவை நன்றாகத் தாங்கும், முறுக்கத்தைத் தாங்காது. சிறிய பழைய எஞ்சினுக்கு அது போதும். பல மடங்கு திறனுள்ள வி8 பொருத்தி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். எஃகு உடல் அந்த முறுக்கத்தைச் சிறு அதிர்வாக விழுங்கிவிடும். மர உடலில் அது ஒவ்வொரு மூட்டையும் சிறிது சிறிதாகத் திறந்துவிடும். ஆகவே மரத்தைத் தொடுவதற்கு முன் இரண்டு மாதம் இரும்பு வேலைதான் செய்தேன். திறந்த பக்கங்களைத் தடித்த தகட்டால் மூடி வெல்டிங் செய்து பெட்டிச் சட்டமாக்கி, நடுவில் எக்ஸ் வடிவக் குறுக்குச் சட்டம் வைத்து, உடல் உட்காரும் இடங்களில் ரப்பர் திண்டுகள் பொருத்தினேன்.

மரத்தேர்வில் ஓக் மீது முதலில் ஆசைப்பட்டேன். வெள்ளை ஓக்கின் நுண்குழல்கள் அடைபட்டிருப்பதால் நீர் எளிதில் ஊறாது, உளுப்பதும் குறைவு. ஆனால் அதிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் மரத்தில் கருநீலக் கறை படியும், இரும்பும் அரிக்கும்; நூற்றுக்கணக்கான திருகுகள் கொண்ட உடலுக்கு அது தலைவலி. கடைசியில் ஆஷ் மரத்தையே எடுத்தேன். நேரான ரேகை, அடியைத் தாங்கும் குணம், ஆவியில் வளையும் இயல்பு ஆகிய மூன்றும் அதற்கு உண்டு. சுத்தியலின் கைப்பிடிக்கும் துடுப்புக்கும் அதைத் தேடுவது இதற்காகத்தான். ஈரத்தை மட்டும் அது தாங்காது. அந்தக் குறையை வார்னிஷ்தான் ஈடுசெய்ய வேண்டும். சட்டகத்துக்கு நடுவே வரும் பலகைகளுக்கு மகோகனி முகம் கொண்ட பிளைவுட். வெளிறிய ஆஷ் சட்டமும் செம்பழுப்பு மகோகனியும் சேரும் அழகை 1941ஆம் ஆண்டுக் கிறைஸ்லர் டவுன் அண்ட் கன்ட்ரி வண்டியைப் பார்த்தவர்கள் அறிவார்கள். நான் அதிலிருந்தே எடுத்தேன் என்பதை மறைக்கவில்லை.

வீட்டு மேசை நாற்காலி செய்து பழகிய கைக்கு, கார் உடல் ஒரு புதிய பள்ளிக்கூடம். அதில் மூலைமட்டத்துக்கு வேலையே இல்லை. பக்கச்சுவர் மேலே போகப்போக உள்ளே சாய்கிறது, பின்னே போகப்போகக் குறுகுகிறது, ஜன்னல் விளிம்பு வில்லாக ஓடுகிறது. ஒரு தூணில் நான்கு முகங்களும் நான்கு கோணத்தில் இருக்கும். காகிதத்தில் சிறிதாக வரைந்து அளவெடுப்பது இதற்கு உதவாது. பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் பிளைவுட் பலகையில் வரைந்து, அதிலிருந்து மாதிரிப் பலகைகள் வெட்டி, முதலில் மலிவான பைன் மரத்தில் ஒரு பொய்யுடலைச் செய்து சேசிஸ்மேல் நிறுத்தினேன். இரண்டு வாரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, பின் ஜன்னலின் வளைவை மூன்று முறை மாற்றினேன். முன்பக்கத்தில் பானெட், டேஷ்போர்டைச் சுற்றிய எஃகுக் கூடு, மட்கார்டுகள் ஆகியவற்றை அப்படியே விட்டுவைத்ததால், அவற்றின் கோடு மரத்துக்குள் தடங்கலின்றித் தொடர வேண்டியிருந்தது.

பின்மூலைகளின் வளைவுதான் வேலையின் உயிர். மரத்தை ஆவியில் வேகவைத்து வளைப்பதற்கு ஒரு கணக்கு உண்டு: 25 மி.மீ. தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். சூளையில் நன்றாக உலர்த்திய மரம் இதற்கு ஆகாது. காற்றில் மட்டும் உலர்ந்து ஓரளவு ஈரம் தங்கிய மரமே வளையும். ஐந்தில் வளையாதது பழமொழியை மரம் வளைப்பவர்தாம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. வெந்த மரம் நன்றாக அமுங்கும், ஆனால் ஒன்றிரண்டு விழுக்காட்டுக்கு மேல் நீளாது. எனவே வளைவின் வெளிப்பக்கத்தில் எஃகுப் பட்டை ஒன்றை வைத்து, மரத்தின் இரு முனைகளையும் அதில் இறுக்கிவிட வேண்டும். அப்போது வெளிப்புறம் நீள முடியாமல் உட்புறம் அமுங்கி வளைவு உருவாகும். பட்டையில்லாமல் முயன்ற என் முதல் இரண்டு சட்டங்களும் நார் நாராகப் பிளந்தன. ஆவிப்பெட்டியிலிருந்து எடுத்தபின் கையில் இருப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் என்பதால், மூன்றாவது சட்டத்துக்கு முன் சூடில்லாத மரத்தை வைத்து நானும் நண்பரும் ஒத்திகை பார்த்தோம். அது வளைந்தது. கூரையின் குறுக்கு வில்களுக்கு மட்டும் 3 மி.மீ. பட்டைகளை எபாக்ஸி பசையால் அடுக்கி ஒட்டும் எளிய வழியை எடுத்துக்கொண்டேன்.

மூட்டுகளைத் துளையும் அதற்குள் செருகும் கழுந்துமாகவும், நீளத்தை இணைக்கும் இடங்களில் விரல் கோத்ததுபோலவும் செய்தேன். நடுப்பலகைகளை எங்கும் ஒட்டவில்லை. சட்டத்தில் வெட்டிய காடிக்குள் மிருதுவான அடைப்புப் பசைமேல் மிதக்க விட்டேன். ஆஷ் பச்சையிலிருந்து முழுதும் உலரும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் 7.8 விழுக்காடும், குறுக்கே 4.9 விழுக்காடும் சுருங்கும். வண்டிக்குள் வந்தபின் அந்த அளவு மாற்றம் இராது என்றாலும், ஈரம் 8 விழுக்காட்டிலிருந்து 14க்கு ஏறினாலே 150 மி.மீ. அகலப் பலகை இரண்டு மி.மீ.க்கு மேல் விரியும். இதை நான் படித்திருந்தேன். ஆனால் கதவுகளைக் கடும் வெயில் காலத்தில், வெறும் ஒன்றரை மி.மீ. இடைவெளியில், நகை வேலைபோல் பொருத்தி நண்பர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன். மழை தொடங்கிய மூன்றாம் வாரம் இடப்பக்கப் பின்கதவு திறக்கவே மறுத்தது. இழைப்புளியை எடுத்து நானே என் நகை வேலையைச் சீவித் தள்ளினேன். இப்போது இடைவெளி 4 மி.மீ.; வார்னிஷ் பூசாமல் விட்டிருந்த கதவின் அடிவிளிம்புக்கும் நான்கு பூச்சு கொடுத்தாயிற்று.

ஓர் இடத்தில் மட்டும் மரத்தின்மேல் நான் பாரம் வைக்கவில்லை. சீட் பெல்ட் கொக்கிகளும் கதவுக் கீல்களும் சேசிஸிலிருந்து எழும் எஃகு வளையத்தில் நிற்கின்றன. அந்த வளையம் நடுத்தூணின் மரத்துக்குள் குடைந்த பள்ளத்தில் மறைந்திருக்கிறது. பழைய உடலில் மரத்தைத் தகடு மறைத்தது, இதில் தலைகீழ். மரம் சுமக்க வேண்டும் என்று மேலே எழுதிய அதே ஆள்தான் இதையும் செய்தேன். விபத்தில் ஒரு மனிதரைப் பிடித்து நிறுத்த வேண்டிய வேலையைக் கழுந்திடம் ஒப்படைக்க எனக்குத் துணிவில்லை.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1955இல் அறிமுகமான செவ்ரோலே ஸ்மால் பிளாக் வி8 குடும்பத்தில் பிற்காலத்து 5.7 லிட்டர் வகை. உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்கும், பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் பலர். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். புகைக்குழாய் மரத்தரைக்கு அருகில் ஓடும் இடங்களில் காற்று புக இடைவெளி விட்டு வெப்பத்தடுப்புத் தகடு. மரத்துக்குப் புறஊதாக் கதிரைத் தடுக்கும், படகுகளுக்குப் பூசும் கடல் வார்னிஷ் எட்டுப் பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே தேய்ப்பு. 1953ஆம் ஆண்டு பியூக்கோடு அமெரிக்க மர வேகன்கள் முடிவுக்கு வந்ததற்கு இந்தத் தேய்ப்பும் ஒரு காரணம் என்பதை என் தோள்கள் உறுதிப்படுத்துகின்றன.

முதல் ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு மூட்டின் குறுக்கேயும் மெல்லிய பென்சில் கோடு ஒன்று இழுத்துவைத்தேன். முந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் விளக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்து பார்த்தேன். நாற்பத்திரண்டு கோடுகளில் நாற்பத்தொன்று நேராக இருந்தன. வலப்பக்கப் பின்தூண் கூரைச் சட்டத்தைச் சேரும் இடத்தில் மட்டும், கோட்டின் ஒரு பாதி மறுபாதியிலிருந்து பென்சில் முனை அளவுக்கு விலகியிருந்தது. அந்தக் கழுந்தைச் செய்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. இரவு நெடுநேரமாகிவிட்டதால், இறுக்கம் போதும் என்று விட்டுவிட்டேன். நாளை கூரை விளிம்பைக் கழற்றப் போகிறேன்.