புள்ளி தெரியாத எழுத்துகள்

ஜூன் 18, 2025

சிறப்பாசிரியராக நான் போய்வரும் மேலூர் பக்கத்து நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். பிறவியிலேயே நிறமிக் குறைபாடு (அல்பினிசம்), அதனால் பார்வையும் குறைவு. முடி, புருவம், இமை எல்லாம் வெளுப்பு. வாசிக்கச் சொன்னதும் புத்தகம் மூக்கைத் தொட்டது. ‘மீன்’ என்பதை ‘மின’ என்று படித்துவிட்டு, ஒரு நொடி யோசித்துத் தானே திருத்திக்கொண்டாள். ஈகாரச் சுழியும் தெரியவில்லை, ன் மேலிருக்கும் புள்ளியும் தெரியவில்லை. அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து வருடம் ஓட்டியிருக்கிறாள். கணக்கில் அது நடக்காது. 3.5 அவளுக்கு 35.

“கிட்ட வச்சுப் படிச்சா இருக்கிற பார்வையும் போயிடும்னு நான்தான் டீச்சர் திட்டுவேன்” என்றார் அம்மா. போகாது. 40 செ.மீ. தூரத்திலிருக்கும் புத்தகத்தை 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால், எழுத்து விழித்திரையில் நான்கு மடங்கு பெரிதாக விழும். ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளை ஏ3 ஆக்கினாலும் கிடைப்பது 1.4 மடங்குதான். அவளாகவே கண்டுபிடித்த முதல் உதவிக் கருவி அந்த நெருக்கம். அதற்குத்தான் இத்தனை நாள் திட்டு வாங்கியிருக்கிறாள்.

ஜூன் 27

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, குறைபார்வைப் பிரிவு. முதலில் கண்ணாடிக்கான சோதனை. அதைப் போட்டபிறகும் 6/60. அதாவது, மற்றவர்களுக்கு 60 மீட்டரில் தெரியும் எழுத்து இவளுக்கு 6 மீட்டருக்கு வந்தால்தான் தெரியும். பிறகு நாலு மடங்கு டெலஸ்கோப்பைக் கையில் கொடுத்தார்கள். விரல் நீளம்கூட இல்லை, ஒரு கண்ணில் வைத்துப் பார்ப்பது. அட்டையில் 6/18 வரி வரை இறங்கினாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

புத்தகத்துக்கு டோம் லென்ஸ். பெரிய கண்ணாடிக் குண்டைப் பாதியாக வெட்டியது போல இருக்கும். தாளின் மேல் வைத்து நகர்த்தினால் போதும், தூரம் பார்த்துப் பிடிக்க வேண்டியதில்லை. சுற்றியுள்ள வெளிச்சத்தையும் எழுத்தின் மேல் குவித்துவிடும். வெயிலுக்கு நிறக்கண்ணாடியும் தொப்பியும்.

அவள் தலையைச் சாய்த்தே பார்ப்பதற்கும் காரணம் சொன்னார்கள். நிறமிக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கண் ஓயாமல் அசையும். ஏதோ ஒரு கோணத்தில் அந்த அசைவு அடங்கும். அந்தக் கோணத்தைத்தான் தேடித் தலை சாய்க்கிறாள். ‘தலையை நேரா வை’ என்று இனி யாரும் சொல்லக் கூடாது. பள்ளியில் ஒவ்வோர் ஆசிரியரிடமும் இதைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

ஜூலை 10

பள்ளிக்குப் போய்ப் பார்த்தால், டெலஸ்கோப்பும் டோம் லென்ஸும் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் கைக்குட்டையில் சுற்றிக் கிடக்கின்றன. “எல்லாரும் பாக்குறாங்க மிஸ்.” வேறொன்றும் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

முன்பு ஒரு பையனை வற்புறுத்தியிருக்கிறேன். அவனுக்கு மாலைக்கண்ணில் தொடங்கி, பார்வையின் ஓரங்கள் சுருங்கிக்கொண்டே வரும் நோய். குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் தெரியும். பரிசோதனைக்கு அழைத்துப் போகாமல் நானே ஒரு பெரிய லென்ஸை வாங்கிக் கொடுத்தேன். இருந்த சின்ன வட்டத்துக்குள் ஒரே எழுத்து வந்து நிரம்பிக்கொண்டது, சொல்லே தெரியவில்லை. அவன் லென்ஸை ஒதுக்கி வைத்தபோது சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அவனுக்கு வேண்டியிருந்தது நல்ல வெளிச்சமும், ஒரு வரி மட்டும் தெரியும்படி நடுவில் வெட்டிய கறுப்பு அட்டையும்தான். இன்றுவரை உறுத்துகிறது.

ஜூலை 24

வகுப்பாசிரியை பொறுமைசாலி. ஜன்னலுக்கு முதுகு காட்டி நடு வரிசையில் முதல் பெஞ்ச் ஒதுக்கினார். கரும்பலகைக்குப் புதுக் கறுப்பு அடித்தாயிற்று. நோட்டில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் தடித்த கோடு போட்டுத் தருகிறார்கள், பக்கத்தில் உட்காரும் தோழிகள்.

டெலஸ்கோப்பை வெளியே எடுக்க மட்டும் தயக்கம். அறிவியல் பாடவேளையில் டோம் லென்ஸை எல்லோர் கையிலும் கொடுத்து எறும்பின் கால்களைப் பார்க்க வைத்தார் அவர். அப்புறம் மைதானத்துக்குப் போய் டெலஸ்கோப். பலருக்கு எதுவுமே பிடிபடவில்லை. முதலில் வெறும் கண்ணால் இடத்தைப் பார்த்து, பார்வையை நகர்த்தாமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவந்து, குழலைத் திருகித் தெளிவாக்க வேண்டும். இதை ஏற்கெனவே பழகியவள் அவள் ஒருத்திதான். “இப்படி இல்லடா, முழங்கையை உடம்போட ஒட்டி வை” என்று ஒரு பையனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் இன்னும் வேகமில்லை. ஒரு வரியின் கடைசிவரை போனவள் அடுத்த வரியின் ஆரம்பத்தைத் தொலைத்துவிடுகிறாள். அதே வரி மேலேயே திரும்பி வந்து, பிறகு ஒரு படி கீழே இறங்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12

காலை மேலூர் பேருந்து நிலையத்தில் அம்மாவும் மகளும். நான் கூப்பிடுவதற்குள் அவள் டெலஸ்கோப்பை எடுத்து, வரும் வண்டியின் பலகையைப் பார்த்து, “மாட்டுத்தாவணிம்மா, ஏறு” என்றாள். மாட்டுத்தாவணி. ‘ட்’டின் புள்ளியையும் ‘த்’தின் புள்ளியையும் மனசுக்குள் எண்ணினேன்.

டெலஸ்கோப்பின் கழுத்துக் கயிறு அறுந்துபோய், அம்மா பாவாடை நாடாவால் கட்டியிருந்தார்.