மராகைபோ: நாலு சுற்றுக் கணக்கு

ஜூன் 2, 2024, ஞாயிறு

அலெக்சாண்டர் பிஃபிஸ்டர் வடிவமைத்து 2019-இல் வந்த போர்டு கேம் மராகைபோ. 17-ஆம் நூற்றாண்டுக் கரீபியன் கடலில் ஹவானாவில் புறப்பட்டுத் தீவுகளைச் சுற்றி வர வேண்டும். மொத்தம் 4 சுற்று. முறைக்கு 1 முதல் 7 கட்டம் வரை கப்பலை நகர்த்தலாம். பின்னோக்கிப் போக வழியில்லை.

வழியிலுள்ள கிராமத்தில் நின்றால் கடந்து வந்த தூரம்தான் கூலி: 1–3 கட்டத்துக்கு ஒரு செயல், 4–6-க்கு இரண்டு, 7-க்கு மூன்று. ஆகவே கிராமத்தை மட்டும் குறிவைத்தால் 1, 4, 7 ஆகிய மூன்றுதான் சிக்கனமான நகர்வுகள். 3 கட்டம் போய் நிற்பவர் இன்னும் ஒரே கட்டம் போயிருந்தால் ஒரு செயல் கூடக் கிடைத்திருக்கும். 5, 6 நகர்த்துவதற்கு, ஒரு நகரத்தில் போய் நிற்பது மாதிரி வேறு காரணம் இருக்க வேண்டும்.

ஜூன் 5, புதன்

சரக்கு இறக்குவதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நகரம் கேட்கும் சரக்கு கையிலுள்ள அட்டையில் இருந்தால், அதைக் கழித்துவிட்டுக் கப்பல் பலகையிலிருந்து ஒரு வட்டை எடுக்கலாம். ஆனால் ஓர் இடத்தின் இரண்டு வட்டுகளும் போனால்தான் அந்த மேம்பாடு திறக்கும். நாலு இடத்தில் ஒவ்வொன்றாக எடுத்தால் நாலு அட்டை செலவு, எஞ்சின் (தொடர்ந்து பலன் தரும் நம் ஏற்பாடு) அசையவே அசையாது. அதே நாலை இரண்டு இடத்தில் எடுத்தால் இரண்டு மேம்பாடு. எது முதலில் என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது.

இன்னொரு இழுபறியும் உண்டு. கையில் 4 அட்டைதான் நிற்கும். வாங்க ஆசைப்படும் அட்டையிலேயே நகரம் கேட்கும் சரக்கும் இருக்கும். அடுத்த இரண்டு முறைக்குள் அதை வாங்கக் காசு சேராது என்றால் தயங்காமல் இறக்கிவிடலாம்; முறை முடிவில் கை மறுபடி நிரம்பிவிடும்.

ஜூன் 9, ஞாயிறு

வருமானக் கணக்கு. 8 டப்ளூன் (ஆட்டத்தின் காசு) விலையில், சுற்றுக்கு 3 டப்ளூன் தரும் அட்டை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் வாங்கினால் மூன்று முறை வரும்: 9. இரண்டாம் சுற்றில் வாங்கினால் 6, மூன்றாவதில் 3. நாலாம் சுற்றுக்குப் பிறகு காசு வந்தும் வாங்க ஒன்றுமில்லை. ஒரு சுற்று தள்ளிப்போனாலே போட்ட காசு திரும்பாத அட்டை அது. காசு எஞ்சினை முதல் சுற்றிலேயே கட்ட வேண்டும். இரண்டாவதின் நடுவிலிருந்து புள்ளி தரும் அட்டைகளுக்கு மாறிவிட வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

இந்த ஆட்டத்தில் எல்லாவற்றையும்விட அருமையான பொருள் கட்டம்தான். ஒருவர் கடைசிக் கட்டத்தைத் தொட்டதும் சுற்றின் முடிவு உறுதியாகிவிடும். பாதி வழியில் நிற்பவரும் அடுத்த சுற்றை ஹவானாவிலிருந்தே தொடங்குவார். எஞ்சின் வலுவாக உள்ளவர் மெதுவாக ஒவ்வொரு நகரமாக நின்று போனால் லாபம். அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் 7, 7 என்று ஓட்டிச் சுற்றைச் சுருக்க வேண்டும். இதைச் செய்யாமல் கூடவே மெதுவாகப் போவதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

எதிரி எத்தனை கட்டத்தில் இருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் எண்ணுங்கள். 7-க்குள் முடிவைத் தொடக்கூடிய தூரத்துக்கு அவர் வந்துவிட்டால், தள்ளிவைத்திருக்கும் பெரிய கொள்முதலை இப்போதே செய்யுங்கள்.

போர் பற்றி ஒன்று. போரிடும்போது எடுக்கும் வில்லையில் ஸ்பெயின், இங்கிலாந்து, பிரான்சு மூன்றுக்கும் தனித்தனி எண் இருக்கும், ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். பெரிய எண் விழுந்த நாட்டுக்கே ஒவ்வொரு முறையும் தாவினால் அந்நாடுகளிடம் நாம் சேர்க்கும் செல்வாக்கு மூன்றாகச் சிதறிவிடும். எண் ஒன்றிரண்டு குறைந்தாலும், ஏற்கெனவே செல்வாக்கு ஏறியிருக்கும் நாட்டிலேயே போடுவது மேல்.