மண்டி பில்லுக்கு நேட்டிவா, ஹைபிரிடா? ஒரு லைன் ஆப் செய்த அனுபவம்

வேலூர் மண்டித் தெருவில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு ஆப் செய்து கொடுத்தோம். சத்துவாச்சாரியில் ஒரு மாடி ரூமில் உட்கார்ந்து வேலை செய்யும் இரண்டே பேர் நாங்கள், அதனால் "ஆண்ட்ராய்டுக்கு ஒரு டீம், ஐபோனுக்கு ஒரு டீம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு வகைப் போனுக்கும் அதன் சொந்த மொழியில் தனித்தனியாக எழுதினால் நேட்டிவ், ஒருமுறை எழுதி இரண்டிலும் ஓட்டினால் ஹைபிரிட். நேட்டிவா ஹைபிரிடா என்று தேடினால் கிடைக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் பெரிய கம்பெனிகளை மனதில் வைத்து எழுதியவை. சின்ன ஊரில் சின்ன வேலைக்கு இந்த முடிவை எப்படி எடுத்தோம் என்று எழுதி வைத்தால் யாருக்காவது உதவும் என்றுதான் இது.

வேலை இதுதான். வேன்கள் தினமும் காலையில் சரக்கு ஏற்றிக்கொண்டு லைனுக்குக் கிளம்பும். குடியாத்தம் லைன், திருவலம் லைன், அணைக்கட்டு வழியாக ஒடுகத்தூர் லைன். சேல்ஸ்மேன் கடை கடையாக இறங்கி ஆர்டர் கேட்டு, சரக்கு இறக்கி, பில் போட்டு, பழைய பாக்கியில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவார். இதுவரை கார்பன் வைத்த பில் புக். ராத்திரி மண்டிக்குத் திரும்பி அந்த புக்கைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டரில் ஏற்றுவார். இனி சேல்ஸ்மேன் போனிலேயே பில் போட வேண்டும், பஸ் கண்டக்டர் கையில் இருக்குமே அந்த மாதிரி ஒரு குட்டி மெஷினில் அங்கேயே பில் அடித்துக் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டும்.

முதலாளி போட்ட கண்டிஷன் இரண்டே இரண்டு. "தம்பி, நீ இன்னாத்துல வேணா பண்ணு, பில்லு தமிழ்ல வரணும். என் பையன் ஐபோன் வச்சிருக்கான், அவனும் பார்க்கணும்." எங்கள் வாதம் முழுக்க இந்த இரண்டு வாக்கியத்துக்குள்ளேதான் இருந்தது, ஆனால் அதை முதல் நாளே நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை, வழக்கம்போல எந்த ஃப்ரேம்வொர்க்கில் (ஆப் எழுத உதவும் கருவித் தொகுப்பு) எழுதுவது என்ற சண்டைக்குப் போய்விட்டோம்.

என் பார்ட்னர் வெப் ஆள். ஹைபிரிட் என்றால் அவருக்கு அயானிக், கெபாசிட்டர் வகை: உள்ளே ஓடுவது வெப் பக்கம், அதைச் சுற்றி ஆப் என்று ஒரு உறை, போனின் கேமரா, ப்ளூடூத் எல்லாவற்றையும் தொட ஆங்காங்கே ப்ளக்இன் என்ற ஒட்டுத் துண்டு. ஊரில் எல்லோரும் ரியாக்ட் நேட்டிவ், ஃப்ளட்டர் இரண்டையும் சேர்த்தே ஹைபிரிட் என்கிறார்கள். ரியாக்ட் நேட்டிவ் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினாலும் திரையில் போனின் சொந்தப் பட்டன்களைத்தான் காட்டும், ஃப்ளட்டர் தன் திரையைத் தானே வரைந்துகொள்ளும், இரண்டிலும் வெப் பக்கம் கிடையாது, ஆனாலும் ஒரே கோடு (எழுதிய ப்ரோகிராம்) இரண்டு போனிலும் ஓடும் என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் ஆண்ட்ராய்டுக்கு நேட்டிவாக எழுதும் மொழியான காட்லின் பக்கம். இரண்டு பேருக்கும் சாட்சிக்குப் பஞ்சமில்லை: வெப் பக்கம் எழுதும் ஹெச்டிஎம்எல்5-ஐ அதிகமாக நம்பியதுதான் எங்கள் பெரிய தவறு என்று 2012-இல் ஃபேஸ்புக்கின் ஜுக்கர்பெர்க் சொன்னதை நான் எடுத்துவிட்டால், அதே ஃபேஸ்புக்தான் 2015-இல் ரியாக்ட் நேட்டிவை வெளியிட்டது என்பார் அவர். 2018-இல் தங்குமிடம் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி ரியாக்ட் நேட்டிவை விடுவதாக அறிவித்ததைச் சொன்னால், அதே வருடம் டிசம்பரில் ஃப்ளட்டர் 1.0 வந்தது என்பார். இப்படியே பேசிக்கொண்டிருந்தால் டீ செலவுதான் ஆகும்.

சரி, முழு ஆப்பை விடு, கஷ்டமான ஒரு திரையை மட்டும் மூன்றிலும் செய்து பார்ப்போம் என்று முடிவு செய்தோம். பில் அடிக்கும் திரை. கெபாசிட்டரில் ஒன்று, ஃப்ளட்டரில் ஒன்று, காட்லினில் ஒன்று. இந்த முறையை யாருக்கும் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். லாகின் பக்கத்தைச் செய்து பார்த்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது, அது எல்லாவற்றிலும் அழகாகத்தான் வரும்.

பிரின்டர் சாதாரண 58 மி.மீ. தெர்மல் பிரின்டர், பழைய வகை ப்ளூடூத். ஆங்கிலத்தில் பில் அனுப்பினால் மூன்றிலும் அடித்தது. தமிழில் அனுப்பினோம், பேப்பர் முழுக்கச் சீன எழுத்து. காரணம் தெரிந்தால் சிரிப்பு வரும். இந்த பிரின்டருக்குள் தமிழ் எழுத்துருவே கிடையாது. போன் எழுத்துகளை எண்களாக மாற்றி அனுப்பும் யுடிஎஃப்-8 முறையில் 'பருப்பு' என்ற சொல் 21 பைட். நம்முடைய மெஷின் சீனாவில் செய்தது, ஆகவே அது இரண்டிரண்டு பைட்டாக எடுத்து, தனக்குத் தெரிந்த சீன எழுத்தாக அடித்துத் தள்ளுகிறது. போனில் எந்த ஃப்ரேம்வொர்க்கில் எழுதியிருக்கிறோம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வழி ஒன்றுதான்: பில்லைப் போனிலேயே படமாக வரைந்து, கறுப்புப் புள்ளி வெள்ளைப் புள்ளியாக மாற்றி அனுப்ப வேண்டும். இந்த பிரின்டர் அடிக்கும் அகலம் 48 மி.மீ., ஒரு மி.மீ.க்கு 8 புள்ளி, ஆக ஒரு வரிசைக்கு 384 புள்ளி, அதாவது 48 பைட். 15 செ.மீ. நீளமுள்ள பில் என்றால் 1,200 வரிசை, 57,600 பைட். அதே நீளத்துக்கு ஆங்கில எழுத்தாக அனுப்பினால் 1,300 பைட்டைத் தாண்டாது. நாற்பது மடங்குக்கு மேல் கூடிய இந்தச் சுமையை, ரொம்பச் சின்ன மெமரி உள்ள ஒரு மலிவு மெஷின் மேல் ஒரே மூச்சில் கொட்டினால் என்ன ஆகும்? பாதிப் பில் அடிக்கும், அப்புறம் படத்தின் மிச்சத்தை எழுத்து என்று நினைத்துக்கொண்டு குப்பையாகத் துப்பும். கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி, நடுநடுவே இடைவெளி விட்டு, பிரின்டர் மூச்சு விடுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் வித்தியாசம் தெரிந்தது. கெபாசிட்டரில் நாங்கள் எடுத்த ப்ளக்இன் மொத்தத்தையும் ஒரே தடவையில் தள்ளியது, இடைவெளி விடச் சொல்லும் வசதி அதில் இல்லை. ஃப்ளட்டரில் படம் வரைவது சுலபமாக இருந்தது, தமிழ் எழுத்தும் கொம்பு, கால் எல்லாம் இடம் மாறாமல் வந்தது, திரையும் வழவழவென்று ஓடியது. ஆனால் ப்ளூடூத்துக்கு நாங்கள் நம்பிய ப்ளக்இன்னை எழுதியவர் ரொம்ப நாளாக அந்தப் பக்கமே வரவில்லை. ஆண்ட்ராய்டு 12-இல் இருந்து ப்ளூடூத்தைத் தொட ஆப் தனியாக அனுமதி கேட்க வேண்டும், அது அந்த ப்ளக்இன்னுக்குத் தெரியாது, புது போனில் பட்டனை அழுத்தினால் ஆப் அப்படியே மூடிக்கொண்டது. இரண்டையும் சரிசெய்யலாம். எப்படி என்றால், ப்ளக்இன்னுக்குள் இறங்கி ஜாவாவிலோ காட்லினிலோ நாமே எழுத வேண்டும். அதாவது ஆப்பின் கஷ்டமான பாகம் எப்படியும் நேட்டிவ்தான், சுலபமான பாகத்துக்காக இன்னொரு அடுக்கைக் கூடவே சுமக்க வேண்டும்.

பார்ட்னர் கையில் மிச்சமிருந்த ஒரே துருப்பு ஐபோன். "ஒரே கோடு, பையன் போனிலும் ஓடும்" என்றார். அதைத் தோண்டிப் பார்த்தோம். இந்தப் பழைய வகை ப்ளூடூத் மெஷினோடு பேச ஐபோன் சாதாரண ஆப்களை விடாது. ஆப்பிளின் தனி அனுமதித் திட்டத்தில் சேர்ந்த மெஷின் வேண்டும், மண்டிக்காரர் மொத்தமாக வாங்கி வைத்திருந்தது அந்த ரகம் இல்லை. ஹைபிரிடில் எழுதினாலும் ஐபோனில் பில் அடிக்காது. அப்புறம் கேட்டால், பையன் பில் போடப்போவதே இல்லை, சாயந்திரம் கலெக்ஷன் எவ்வளவு, எந்தக் கடையில் பாக்கி எவ்வளவு என்று பார்த்தால் போதும். அதற்கு எதற்கு ஆப்? ஒரு வெப் பக்கம் செய்து, அவர் ஐபோனில் முகப்புத் திரையில் ஐகானாகப் போட்டுக் கொடுத்தோம். வருடத்துக்கு 99 டாலர் ஆப்பிளுக்குக் கட்டுவதும் மிச்சம், ஐபோன் ஆப் செய்ய மேக் கம்ப்யூட்டர் வாங்கும் செலவும் மிச்சம். அந்தப் பக்கத்தைச் செய்தவர் பார்ட்னர்தான், ஆகவே அவருக்கும் வருத்தமில்லை.

சேல்ஸ்மேன் ஆப் காட்லினில் என்று முடிவானது இப்படித்தான். வேகம், அழகு என்று எல்லோரும் பேசும் எதுவும் அதில் பெரிய காரணமாக இல்லை. மளிகைப் பட்டியலை மேலும் கீழும் நகர்த்துவதற்கு எந்த ஃப்ரேம்வொர்க்கும் போதும்.

நெட் இல்லாத இடத்து வேலையைப் பற்றிக் கொஞ்சம். ஒடுகத்தூர் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்துக் கடைகளில் டவர் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், மலை மேல் பீஞ்சமந்தைப் பக்கம் போனால் கேட்கவே வேண்டாம். அதனால் பில் முதலில் போனுக்குள்ளேயே எஸ்க்யூலைட் என்ற குட்டி டேட்டாபேஸில் சேர வேண்டும், நெட் கிடைத்ததும் தானாக மேலே சர்வருக்குப் போக வேண்டும். இதை ஹைபிரிடிலும் செய்யலாம், அதில் சண்டை இல்லை. பில் நம்பர் மட்டும் கவனம்: ஜிஎஸ்டி பில் நம்பர் 16 எழுத்துக்குள், அந்த நிதியாண்டில் திரும்ப வராமல், வரிசையாக இருக்க வேண்டும். நெட் இல்லாத இரண்டு வேன் ஒரே நம்பரைப் போட்டுவிடக் கூடாது என்று வேனுக்கு ஒரு தனி வரிசை கொடுத்தோம். தானாக மேலே அனுப்புவதற்கு ஆண்ட்ராய்டில் வொர்க்மேனேஜர் இருக்கிறது, குறைந்தது 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அதைத் திரும்பத் திரும்ப ஓடச் சொல்ல முடியும், சில போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதையும் கொன்றுவிடும். அதனால் 'அனுப்பு' என்று பெரிதாக ஒரு பட்டனும் வைத்தோம். சேல்ஸ்மேன்களுக்கு அந்தப் பட்டன்தான் பிடித்திருக்கிறது. "அதை அமுக்கினாதாண்ணா மனசு ஆறுது" என்றார் ஒருவர்.

ஹைபிரிடுக்கு ஆதரவாக எப்போதும் சொல்லும் இன்னொன்று, ஸ்டோருக்குப் போகாமலே ஆப்பை மாற்றிவிடலாம் என்பது. உண்மைதான், ஆனால் அப்படி மாற்றத்தை அனுப்பும் குழாய் யார் கையில் என்று பார்க்க வேண்டும். ரியாக்ட் நேட்டிவ்காரர்கள் நிறையப் பேர் நம்பியிருந்த மைக்ரோசாஃப்ட்டின் கோட்புஷ் என்ற அந்த வகைச் சேவை, 2025 மார்ச் 31-ஓடு நின்றது. எங்களுக்கு அடிக்கடி மாறுவது விலையும் வரியும்தான், அவற்றை ஆப்புக்குள் எழுதாமல் சர்வரில் ஒரு டேபிளில் வைத்துவிட்டோம். 2025 செப்டம்பர் 22 அன்று குளியல் சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்தில் இருந்து 5-க்கும், நெய், மிக்சர் வகைகள் 12-இல் இருந்து 5-க்கும் இறங்கியபோது கணக்குப்பிள்ளையே டேபிளில் மாற்றினார், காலையில் வேன் கிளம்பும் முன் எல்லாப் போனிலும் புது வரி வந்துவிட்டது. ஆப் அப்டேட் தேவைப்படவில்லை.

ப்ளே ஸ்டோரில் பொதுவாக வெளியிடவும் இல்லை. ஒருமுறை 25 டாலர் கட்டி அக்கவுன்ட் எடுத்து, இன்டர்னல் டெஸ்டிங் (நாம் சேர்த்தவர்களுக்கு மட்டும் ஆப்பைக் கொடுக்கும் வசதி) வழியாக சேல்ஸ்மேன்களின் ஜிமெயிலைச் சேர்த்துவிட்டோம், 100 பேர் வரை அதில் சேர்க்கலாம். தனிநபர் பெயரில் புதிதாக அக்கவுன்ட் எடுப்பவர் பொதுவில் வெளியிட வேண்டுமானால் 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதிக்க வைக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, இந்த வழியில் அந்தத் தொல்லை இல்லை.

நேட்டிவ் எடுத்ததில் வலி இல்லையா என்றால், இருக்கிறது. வேலூரில் காட்லின் மட்டும் நன்றாகத் தெரிந்த பையனைப் பிடிப்பது கஷ்டம். காலேஜ் பசங்க புராஜெக்டுக்கு ஃப்ளட்டரும் ரியாக்ட்டும்தான் செய்துவிட்டு வருகிறார்கள், கொஞ்சம் தேறியதும் காட்பாடியில் ரயிலேறி பெங்களூரோ சென்னையோ போய்விடுகிறார்கள். நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தால் இந்த ஆப்பைத் தொட ஆள் இல்லை என்பது பார்ட்னரின் நிரந்தரக் குறை, அதற்கு என்னிடம் பதிலும் இல்லை. பிரின்டர் பகுதியை மட்டும் தனி நூலகமாகப் பிரித்து, தமிழில் விளக்கம் எழுதி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கடைக்காரர்களும் ஆர்டர் போட ஒரு ஆப் கேட்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக ஆர்டர் அனுப்புகிறார்கள், அதைவிட நல்ல ஆப்பை என்னால் செய்ய முடியாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது ஆம்பூர் பக்கம் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் ஒரு யூனிட்டில் வேலை வந்திருக்கிறது. தையல் பிசகை சூப்பர்வைசர் போட்டோ எடுத்து, எத்தனை ஜோடி ரிஜெக்ட் என்று போட வேண்டும், வாங்குபவர் தரப்பில் வரும் ஆட்கள் ஐபோனில் அதையே திறந்து ஒப்புதல் தர வேண்டும். பிரின்டர் கிடையாது, வைஃபை உண்டு, இரண்டு வகைப் போனும் உண்டு. அதற்கு ஃப்ளட்டரில் ஆரம்பித்திருக்கிறோம்.