மாஸ்டருக்குப் பிறகு: எங்கள் கடைக்கு ஒரு கிரியேட்டிவ் டைரக்டர் தேடிய பதினொரு மாதங்கள்

2024 பொங்கல் கழிந்த வாரத்தில், முப்பத்தொரு ஆண்டுகளாக எங்கள் கடைக்குச் சுங்குடி (துணியில் சின்னச் சின்ன முடிச்சுகள் போட்டுச் சாயத்தில் முக்கிப் புள்ளிகள் எடுக்கும் புடவை) வடிவங்கள் போட்டுத் தந்த மாஸ்டர், சித்திரைத் திருவிழாவோடு தாம் நின்றுகொள்வதாக அப்பாவிடம் சொன்னார். கண்ணில் புரை முற்றிவிட்டது; கட்டத்தின் புள்ளிகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்றார். அவருக்குப் பதிலாக ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம் என்று அன்றிரவு சாப்பாட்டு வேளையிலேயே நாங்கள் பேசி முடித்துவிட்டோம். அந்த ஒருவர் கடைக்குள் காலடி வைக்க 2025 ஜனவரி ஆயிற்று. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் இடையில் நடந்தவற்றை எழுதுகிறேன். எனக்குக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மதுரை மகால் பகுதியிலுள்ள எங்கள் கடையில் கையால் முடிச்சிட்ட சுங்குடியைத் தவிர வேறெதுவும் விற்பதில்லை. மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும் உள்ளே வராது. எட்டாயிரத்தில் தொடங்கி நாற்பதாயிரம் வரை போகும் புடவைகள் என்பதால், இந்தப் பருவத்துக்கு எந்த நிறம், எவ்வளவு நெருக்கமான கட்டம், கரை எத்தனை விரல், எதைச் செய்யவே கூடாது என்றெல்லாம் முடிவெடுக்கும் ஒருவருடைய கண்ணை நம்பித்தான் மொத்த வியாபாரமும் நிற்கிறது. அந்தப் பொறுப்புக்கு எங்களிடம் பெயர்கூடக் கிடையாது. விளம்பரத்தில் ‘கிரியேட்டிவ் டைரக்டர்’ என்று போட வைத்தவர் அண்ணன்.

முதல் அடி மாஸ்டரின் நோட்டுகளிலிருந்து விழுந்தது. நாற்பத்திரண்டு நோட்டுகள், ஒவ்வொன்றிலும் கட்டம் போட்ட வடிவங்களும் சாயக் கலவைக் குறிப்புகளும் இருந்தன. போகும்போது அவற்றைத் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்வதாக அவர் சொன்னபோது, கணக்குப் பக்கத்தைப் பார்க்கும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வக்கீலிடம் போன பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. மாஸ்டருக்கு நாங்கள் ஒரு நாளும் மாதச் சம்பளம் கொடுத்ததில்லை, வடிவத்துக்கு இவ்வளவு என்றுதான் கொடுத்து வந்தோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணியாளர் தம் வேலையின் பகுதியாக வரைந்தது முதலாளிக்குச் சேரும். வெளியாளாக இருந்து கூலிக்கு வரைந்து தந்தது பொதுவாக வரைந்தவரிடமே நிற்கும். முப்பத்தொரு ஆண்டு ரசீதுகளை அடுக்கடுக்காக எடுத்துக் காட்டி, மாஸ்டர் வெளியாள்தான் என்பதை நானே நிரூபித்துக் கொடுத்திருந்தேன்.

மாஸ்டர் நல்ல மனிதர். ஒரு தொகை பேசி, உரிமையை எழுதித் தரச் சம்மதித்தார். பத்திரத்தை எங்களுக்குப் பழக்கமான ஒரு எழுத்தரிடம் அவசரமாக எழுதி வாங்கியது என் பிழை. எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே வைத்துக்கொள்ளும் என்பது எழுத்தருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எங்கள் புடவைகளில் கணிசமானவை சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகின்றன. கண் அறுவை முடிந்து பச்சைத் துணியோடு படுத்திருந்த மாஸ்டரிடம் இரண்டாம் முறை கையெழுத்து வாங்கப் போய் நின்ற சங்கடம் எனக்குத்தான் தெரியும். பழைய ஆள் ஓய்வு பெறும் பேச்சு எழுந்தவுடனே, புதியவரைத் தேடுவதற்கு முன்பாக, இந்தத் தாளை முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஆள் உள்ளிருந்தா வெளியிலிருந்தா என்ற வாதம் வீட்டில் இரண்டு மாதம் ஓடியது. பாரிஸ், மிலான் ஃபேஷன் நிறுவனங்களின் செய்திகளை அண்ணன் கைப்பேசியில் படித்துவிட்டு வருவார். அவருக்குப் பெயர் பெற்ற ஒருவர் வெளியிலிருந்து வரவேண்டும். நான் உள்ளாள் கட்சி. இத்தாலியின் குச்சி (Gucci) நிறுவனத்தில் 2002 முதல் வேலை பார்த்து வந்த அலெஸ்ஸாண்ட்ரோ மிக்கேலேயை 2015 ஜனவரியில் கிரியேட்டிவ் டைரக்டராக ஏற்றியதையும், 2010இல் ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீன் இறந்த பிறகு அவரிடமே பல ஆண்டுகள் உழைத்த சாரா பர்ட்டனிடம் பொறுப்பு போனதையும் நான் எடுத்துச் சொன்னேன். அண்ணன் பாரிஸின் ஷனேல் நிறுவனத்தைக் காட்டினார். 2019இல் கார்ல் லாகர்ஃபெல்ட் மறைந்ததும் அவருடைய நெடுநாள் உதவியாளர் விர்ஜினி வியார் பொறுப்பேற்றார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த அதே 2024 ஜூனில் அவர் விலகும் செய்தி வந்தது. அதற்கு மேல் எனக்குப் பதில் இல்லை. எங்கள் உள்ளாளோ, வாதம் முடியும் வரை காத்திருக்கவில்லை. மாஸ்டரின் கையாளாக இருந்த அந்தப் பையன் சின்னாளபட்டியில் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து போய்விட்டான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே அவனை வேட்பாளராக வைத்து இரண்டு மாதம் பேசியிருக்கிறோம் என்பது அதன் பிறகே உறைத்தது.

சென்னையிலுள்ள ஓர் ஆள் தேர்வு நிறுவனத்திடம் முன்பணம் கட்டினோம். பதினான்கு விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஆறு பேர் ஏற்றுமதிப் பனியன் நிறுவனங்களில் ஆர்டர் பின்தொடர்பவர்கள். ஒருவர் கடைக் கண்ணாடி அலங்காரம் செய்பவர். இன்னொருவர் திருமண மேடை அலங்காரக்காரர். சுங்குடி என்ற சொல்லைச் சரியாக எழுதியிருந்தவர்கள் மூவர். அந்த மூவரையும் பார்க்க நானும் அண்ணனும் வைகை எக்ஸ்பிரஸ் பிடித்து எழும்பூரில் இறங்கி, அலுவலகத்துக்குப் போனால், வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, நேர்காணல் அடுத்த வாரம் அல்லவா என்று கேட்டார். தேதியை மாற்றி அனுப்பிய மின்னஞ்சல் எங்களுக்கு வரவே இல்லை. அது அவர்களுடைய ‘டிராஃப்ட்’ பெட்டியிலேயே கிடப்பதை அவரே எங்களுக்குத் திருப்பிக் காட்டினார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் வரவில்லை. முன்பணம் திரும்பாது என்பதைச் சொல்ல மேலாளர் உடனே வந்தார். இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு ஆள் சேர்ந்து மூன்று மாதம் நிலைத்த பிறகே பெரும்பகுதிப் பணம் என்று எழுதாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அந்த மூவரில் ஒருவர் பிறகு மதுரைக்கே வந்தார். பேச்சு அருமை, படைப்புத் தொகுப்பு அதைவிட அருமை. அண்ணன் அன்றே கடிதம் கொடுத்துவிடும் மனநிலையில் இருந்தார். முடிச்சுப் போடும் பெண்களுக்குத் துணி பிரித்துக் கொடுக்கும் எங்கள் சின்னம்மா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இது முடிச்சே இல்லை, எல்லாப் புள்ளியும் ஒரே அளவாக இருக்கிறது என்றார். கையால் கட்டியதில் ஒரு புள்ளி மற்றதுபோல் அச்சாக இருக்காது. நூல் இறுகிய இடத்தில் துணி லேசாகச் சுருங்கித் தெரியும். வந்தவர் தம் கைவேலை என்று கொண்டுவந்தது ஸ்கிரீன் அச்சு. அன்று முதல், தொகுப்பில் உள்ள துணியில் ஒன்றையாவது நேரில் கொண்டுவரச் சொல்லாமல் யாரையும் உட்கார வைப்பதில்லை.

பிறகுதான் சோதனை வேலை கொடுப்பது என்று முடிவு செய்தோம். முதல் சுற்றில் அதற்குக் கூலி தராமல் கேட்டோம். நாங்கள் மிகவும் விரும்பிய ஒருவர், பணம் கொடுக்காமல் ஐந்து வடிவங்கள் கேட்பது திருட்டுக்குச் சமம் என்று நிதானமாக எழுதிவிட்டு விலகிக்கொண்டார். அவர் சொன்னது சரி. இரண்டாம் சுற்றில் ஆளுக்குப் பதினைந்தாயிரம் ரூபாயும், தேர்வாகாதவரின் வடிவங்களை நாங்கள் பயன்படுத்த மாட்டோம் என்ற எழுத்தும் கொடுத்தோம். வந்த தரம் உடனே மாறியது. ஒருவர் உடல் முழுவதும் அரை விரல் இடைவெளியில் புள்ளி வைத்து அழகான வானம் ஒன்றை வரைந்திருந்தார். சின்னம்மா மனக்கணக்குப் போட்டு, இந்த ஒரு புடவை முடிவதற்குள் பொங்கலே வந்துவிடும் என்றார். அப்போது ஆகஸ்டு.

இப்போது எங்களிடம் இருப்பவர் அந்தச் சுற்றில் வந்தவர். திருப்பூரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த ஊர் பரமக்குடி, நெசவுக் குடும்பம். மூன்று நாள் எங்களோடு இருந்தார். முதல் நாள் எதையும் வரையவில்லை. சாயப்பட்டறையில், அரக்கு நிறம் இரண்டாம் முக்கலில் கறுத்துப் போகிறது என்று சொல்லிச் சாயக்காரரோடு சண்டை போட்டார். இரண்டாம் நாள், முடிச்சுக்கு நாங்கள் என்ன கூலி தருகிறோம் என்று அந்தப் பெண்களிடமே கேட்டு எழுதிக்கொண்டு வந்து, இந்தக் கூலிக்கு நெருக்கமான கட்டம் வரைந்து பயன் இல்லை, அவர்கள் இடைவெளி விட்டுத்தான் கட்டுவார்கள் என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னார். வேலைக்கு வருமுன்பே சம்பளக் கணக்குப் பார்க்கிறவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அண்ணன் இரண்டு வாரம் முறுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவர் போட்டுக் கொடுத்த வடிவம்தான் அவரைக் காப்பாற்றியது: முந்தியில் நெருக்கம், உடலில் அகலம், கொசுவத்துக்குள் மறையும் இடத்தில் முடிச்சே கிடையாது. கூலியைச் சற்று உயர்த்தியும் புடவையின் அடக்கவிலை ஏறவில்லை. கணக்குப் பார்ப்பவள் என்ற முறையில் நான் அன்றே மனத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சம்பளம், பொறுப்பு, அறை எல்லாம் ஒரே மாலையில் பேசி முடிந்தன. சிக்கல் அவருடைய பழைய நிறுவனத்தில் இருந்தது. மூன்று மாத முன்னறிவிப்பு. அதோடு, விலகிய பின் இரண்டு ஆண்டுகள் துணித் துறையில் வேறு எங்கும் வேலை பார்க்கக் கூடாது என்றொரு நிபந்தனை. அந்த நிபந்தனையைப் பார்த்து நாங்கள் பயந்துபோனோம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 27ஆவது பிரிவுப்படி வேலையை விட்ட பிறகான அப்படிப்பட்ட தடை செல்லாது, ஆனால் முன்னறிவிப்புக் காலத்தையும் அவர்களுடைய வியாபார ரகசியத்தையும் மதித்தே ஆகவேண்டும் என்று வக்கீல் பிரித்துச் சொன்னார். மூன்று மாதமும் அவர் வேலை பார்த்தார். அதன் பிறகும் பணிவிடுப்புக் கடிதம் வரவில்லை. மனிதவளப் பிரிவில் இருந்தவர், கையெழுத்துப் போடுபவர் விடுப்பில் இருக்கிறார் என்று நான்கு வாரம் ஒரே பதிலைச் சொன்னார். ஐந்தாம் வாரம் எங்களிடம் சேர இருந்தவரும் நானும் திருப்பூருக்கே போனோம். விடுப்பில் இருந்ததாகச் சொல்லப்பட்ட மனிதர் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்; கடிதத்தை யாரும் தம் மேசைக்கே கொண்டுவரவில்லை என்று வியந்துபோய், இரண்டு நிமிடத்தில் கையெழுத்திட்டார். பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதியை அவர்கள் கடைசி வரை பதியவில்லை. கடைசித் தவணை கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு உறுப்பினரே இணையத்தில் அதைப் பதிந்துகொள்ளலாம் என்பது தெரிந்திருந்தால், அதற்காகச் செய்த பதினேழு தொலைபேசி அழைப்புகள் மிஞ்சியிருக்கும்.

இந்த இடைவெளியில் கடை எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். 2011 மார்ச்சில் ஜான் கலியானோவை நீக்கிவிட்டு, 2012 ஏப்ரலில் ராஃப் சிமன்ஸை அறிவிக்கும் வரை பாரிஸின் டியோர் நிறுவனமே ஓராண்டுக்கு மேல் பில் கெய்ட்டன் என்பவரை வைத்து ஒப்பேற்றியது என்று அண்ணன் ஆறுதல் சொல்வார். எங்கள் பில் கெய்ட்டன் சின்னம்மா. மாஸ்டரின் நோட்டில் பழைய பக்கங்களைப் புரட்டித் தீபாவளியைக் கடத்தினார். நிறம் மாற்றிப் போட்ட பழைய வடிவம் என்பதை வாடிக்கையாளர்களில் இருவர் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஒப்பந்தம் எழுதும்போது ஆடிட்டர் ஒரு யோசனை சொன்னார்: ஆலோசகர் என்று வைத்துக்கொண்டால் கட்டணத்தில் பத்து சதவீதம் டி.டி.எஸ். (வருமான வரிக்கான முன்பிடித்தம்) பிடித்துக் கட்டினால் போதும், பி.எஃப். தலைவலி இல்லை. நாற்பத்திரண்டு நோட்டுகளின் கதை நினைவில் இருந்ததால் நான் ஒப்பவில்லை. மாதச் சம்பளத்தில், பணியாளராகவே சேர்த்தோம். 2025 பிப்ரவரியில் குச்சி நிறுவனம் இரண்டே ஆண்டுகளில் சபாத்தோ டி சார்னோவைப் பிரிந்த செய்தியைக் காட்டி அண்ணன் கேலி செய்தபோது, வெளியாள் என்றாலும் தாள் சரியாக இருக்கிறது என்று பதில் சொல்ல முடிந்தது.

அந்தத் திருப்தி சித்திரை வரை நீடித்தது. அவருடைய முதல் தொகுப்பில் நான்கு வடிவங்களைப் பதிவு செய்ய நினைத்திருந்தோம். வடிவமைப்புச் சட்டம் 2000இன்படி பதிவுக்குப் பத்து ஆண்டுப் பாதுகாப்பு, மேலும் ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் விண்ணப்பம் கொல்கத்தா அலுவலகத்துக்குப் போவதற்கு முன் வடிவம் வெளியே தெரிந்திருக்கக் கூடாது. மயில்கழுத்து நிறத்தில் வந்த முதல் புடவையை, விண்ணப்பம் போக மூன்று நாள் இருக்கும்போது, அண்ணன் பெருமை தாங்காமல் தம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். நான் பார்ப்பதற்குள் இருநூற்றுக்கு மேற்பட்டவர்கள் பார்த்தாயிற்று. மற்ற மூன்றை மட்டும் அனுப்பினோம்.

ஒரு மாதத்துக்குள் அதே மயில்கழுத்து, அதே முந்தி, மெழுகு அச்சில் விளக்குத்தூண் பக்கம் அறுநூற்றைம்பது ரூபாய்க்கு வந்துவிட்டது. எங்கள் கிரியேட்டிவ் டைரக்டர் அதில் ஒன்றை வாங்கி வந்து, அண்ணனின் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். அதைக் கழற்றச் சொல்ல அண்ணனுக்கு இன்னும் வாய் வரவில்லை.