சாமுவேல் என்று பெயர் வைத்தோம்

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்தவன் எங்கள் மகன். வேதாகமத்தில் பிள்ளைக்காக சீலோ என்ற ஊரில் அழுது ஜெபித்த அன்னாள் தன் மகனுக்கு வைத்த பெயரையே வைக்கச் சொல்லி அத்தை நேர்ந்திருந்தார். எனக்கும் ஆசைதான். ஆனால் அர்த்தம் தெரியாமல் எழுத மனம் வரவில்லை. பிறப்பைப் பதிவு செய்தபோது பெயர் இருக்கும் இடத்தை வெறுமையாக விட்டோம். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம்.

பெயர்ப் புத்தகங்களில் தேடினால் ஒன்றில் ‘தேவன் கேட்டார்’, இன்னொன்றில் ‘தேவனிடம் கேட்டது’, மற்றொன்றில் ‘தேவனுடைய நாமம்’. குழம்பிப்போய் எபிரெயம் படித்த போதகர் ஐயாவிடம் போனேன். அவர் ஒரு தாளில் சாமுவேலின் எபிரெய வடிவமான ஷ்முவேல் என்பதை எபிரெய எழுத்துகளில் எழுதிக் காட்டினார். காதால் கேட்பது ‘ஷாமா’. அதன் கடைசி எழுத்து ‘ஆயின்’ என்ற எபிரெய எழுத்து. இஸ்மவேல், சிமியோன் என்ற பெயர்களில் அந்த எழுத்து இருக்கிறது, ஷ்முவேலில் இல்லை. வேண்டிக் கேட்பது ‘ஷாஅல்’. அதிலிருந்து வருவது சவுல் ராஜாவின் பெயர். எழுத்தை மட்டும் பார்த்தால் ‘ஷேம்’, அதாவது நாமம், அதோடு ‘ஏல்’, தேவன்.

அப்படியானால் கர்த்தரிடம் கேட்டேன் என்று காரணம் சொல்லி அன்னாள் பெயரிட்டதாக முதலாம் சாமுவேல் 1:20 சொல்கிறதே என்றேன். அது இலக்கணம் பார்த்து வைத்த பெயரில்லை, ஒலி ஒற்றுமையில் ஒரு தாய் தன் ஜெபத்தைப் பெயருக்குள் கேட்டது என்றார் ஐயா. எபிரெயத்தில் வேண்டுவதற்கு ஒரு சொல், செவிகொடுப்பதற்கு வேறு சொல். நமக்கு இரண்டும் ‘கேட்டல்’தான். அவள் கேட்டாள், அவர் கேட்டார். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு வருடமும் நான் செய்தது அதுதானே.

அப்புறம் யோசிக்கவில்லை. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தோம். பதினோராவது மாதம் விண்ணப்பம் கொடுத்தோம். சரிபார்க்கத் தந்த தாளில் ‘சாமுவெல்’ என்று குறிலாக இருந்தது. பெயரில் தேவனைக் குறிக்கும் பகுதியே ‘ஏல்’ ஆயிற்றே! சாமு, ஏல் என்ற இரண்டும் சேரும்போது நடுவில் வகர உடம்படுமெய் வந்து ‘வேல்’ ஆகிறது, நெடில் கட்டாயம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மாற்றித் தந்தார்கள். முதல் பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்னால் சான்றிதழ் கைக்கு வந்தது. அத்தை அதை விரலால் தொட்டு, எழுத்துக் கூட்டி வாசித்தார்.